தட்டம்மை வந்ததும் வற்றிய வீக்கம்

1940-களில் அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் சிலர், இன்று கேட்டால் திடுக்கிட வைக்கும் ஒரு வைத்தியத்தைச் செய்து பார்த்தார்கள். உடம்பெல்லாம் நீர் கோத்து, கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு முகம் அதைத்து, வயிறு உப்பிக் கிடந்த குழந்தைகளுக்கு வேண்டுமென்றே தட்டம்மையைத் தொற்ற வைத்தார்கள். தட்டம்மை அன்றைக்குச் சாதாரண நோயில்லை, அதுவே பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்தது. ஆனாலும் துணிந்தார்கள். காரணம், வார்டில் தற்செயலாக அம்மை பரவியபோது அவர்கள் கண்கூடாகக் கண்ட ஒன்று. அம்மை வந்த சில நாட்களில் இந்த வீங்கிய குழந்தைகளில் பலர் ஏராளமாகச் சிறுநீர் கழித்தார்கள். வீக்கம் வற்றியது. சிறுநீரில் ஒழுகிக்கொண்டிருந்த புரதம் நின்றது. சிலருக்கு அந்தச் சுகம் சில வாரங்களோடு போயிற்று, சிலருக்கு வெகுநாள் நீடித்தது.

தோலில் தடிப்பும் காய்ச்சலுமாக வரும் ஒரு வைரஸ், சிறுநீரகத்தின் ஒழுக்கை எப்படி அடைக்கும்? ஒரு துப்பு மட்டும் ஏற்கெனவே கையில் இருந்தது. ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1908-இல் ஒன்றைக் குறித்து வைத்திருந்தார். காசநோய்க்கான தோல் சோதனையில் தடிக்க வேண்டிய குழந்தைக்கு, தட்டம்மை கண்டிருக்கும் நாட்களில் தடிப்பதில்லை. அதாவது அம்மை உடம்பின் எதிர்ப்பாற்றலைச் சில வாரங்களுக்கு முடக்கிப் போடுகிறது. எதிர்ப்பாற்றல் முடங்கும்போது சிறுநீரகம் தேறுகிறது என்றால், இத்தனை நாள் அந்தச் சிறுநீரகத்தைப் பாடாய்ப் படுத்தியது யார்?

கேள்வி அப்போதே கேட்கப்பட்டுவிட்டது. ஓரளவு உறுதியான பதில் வர 2022 ஆயிற்று.

நோயின் பெயர் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். நம் வீடுகளில் அது நுழையும் விதம் மிகச் சாதுவானது. காலையில் எழுந்த பிள்ளைக்குக் கண்ணிமை லேசாக வீங்கியிருக்கிறது. பத்து மணிக்குள் அது குறைந்துவிடுவதால், பூச்சி கடித்திருக்கும், தூசு ஒவ்வாமையாக இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். சொட்டு மருந்துக்காகக் கண் மருத்துவரிடம் போய் நிற்பவர்களும் உண்டு. அடுத்த வாரம் கன்னம் உப்புகிறது. பிள்ளைக்குச் சதை போடுகிறது என்று பாட்டி மகிழ்கிறார். பிறகு அரைஞாண் கயிறு இடுப்பில் பதிகிறது, காலை அழுத்தினால் விரல் தடம் குழியாக நிற்கிறது, சிறுநீர் குறைந்து நுரைக்கிறது. அப்போதுதான் சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள். பெண் குழந்தைகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆண் குழந்தைகளுக்கு. உலகக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் இரண்டு முதல் ஏழு பேருக்குப் புதிதாக வருகிறது. தெற்காசியப் பிள்ளைகளிடம் இது கூடுதல். அந்தச் சங்கதிக்குப் பிறகு வருகிறேன்.

சிறுநீரில் புரதம் போவதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் டொமினிகோ கொதுன்யோ 1764-இல் உடல் வீங்கிய ஒரு படைவீரனின் சிறுநீரை நெருப்பில் காய்ச்சினார். அது முட்டை வெள்ளைக்கருவைப் போலத் திரண்டது. லண்டனின் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் 1827-இல் இதே திரட்சியையும், வீங்கிய உடலையும், இறந்தவரின் கெட்டுப்போன சிறுநீரகத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, வீக்கத்தின் ஊற்று சிறுநீரகத்தில் இருக்கிறது என்று காட்டினார். சிறுநீரகம்தான் குற்றவாளி என்ற எண்ணம் அதிலிருந்து வேரூன்றியது. குழந்தைகளைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு பாதி தவறு என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

முதலில் நல்ல சிறுநீரகம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு சிறு கணக்கு. வளர்ந்த ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவில் சிறுநீராக வெளியேறுகிறது. ரத்த நீரில் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் ஆல்புமின் என்ற புரதம் கரைந்திருக்கிறது. வடிகட்டி எதையும் தடுக்காவிட்டால் நாளொன்றுக்கு ஏழு கிலோ ஆல்புமின் அந்தப் பக்கம் போயாக வேண்டும். ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் போவதோ 30 மில்லிகிராமுக்கும் குறைவு. நீர், உப்பு, யூரியா, சர்க்கரை எல்லாம் தாராளமாகக் கடக்கின்றன. ஆல்புமின் மட்டும் வாசலிலேயே நிற்கிறது. இந்த அளவு துல்லியத்தோடு, வாழ்நாள் முழுக்க அடைத்துக்கொள்ளாமல் வேலை செய்யும் வடிகட்டியை எந்தத் தொழிற்சாலையும் இன்னும் செய்ததில்லை.

வேலை நடக்கும் இடம் குளோமெருலஸ் என்னும் நுண்குழாய்ப் பந்து. ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பந்துகள். அந்தக் குழாயின் சுவரில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. உள்ளே ரத்தத்தைத் தொட்டபடி துளைகள் நிறைந்த ஒரு மெல்லிய செல் அடுக்கு. நடுவில் புரத இழைகளால் ஆன சவ்வு. வெளியே போடோசைட் என்ற விசித்திரமான செல்கள். ஒவ்வொரு போடோசைட்டும் குழாயின் மேல் உட்கார்ந்து, கிளைத்துக் கிளைத்துச் செல்லும் நூற்றுக்கணக்கான பாதங்களால் அதைத் தழுவிக்கொள்கிறது. இரண்டு கை விரல்களைக் கோத்துப் பிடித்தால் ஒரு கையின் விரலுக்கு அடுத்து மறு கையின் விரல் வருமே, அப்படி ஒரு செல்லின் பாதங்களுக்கிடையே பக்கத்துச் செல்லின் பாதங்கள் நுழைந்து நிற்கின்றன. பாதத்துக்கும் பாதத்துக்கும் நடுவே ஏறத்தாழ 40 நானோமீட்டர் அகலப் பிளவு. ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தாயிரம் பிளவுகளை வரிசையாக அடுக்கலாம். அந்தப் பிளவின் குறுக்கே இன்னும் மெல்லிய ஒரு திரை. நம் கதையின் மையம் இந்தத் திரைதான்.

போடோசைட்டுகளைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவை முதிர்ந்த பின் பெருகுவதில்லை. தோல் செல் உரிந்தால் புதிது வரும், போடோசைட் உதிர்ந்தால் அந்த இடம் ஏறக்குறைய காலிதான். இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

வடிகட்டி ஒழுகத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிப் பாடநூல் பாணியில் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். ஆல்புமின் ரத்தத்துக்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கும் புரதம், அது குறைந்தால் நீர் குழாயை விட்டுத் திசுக்களுக்குள் கசியும், அதுவே வீக்கம். ஆங்கிலேய உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-இல் வகுத்த விதி இது. விதி சரிதான். ஆனால் குழந்தையின் வீக்கத்தை முழுவதும் விளக்க அது போதாது. ஆல்புமினே சுரக்காமல் பிறக்கும் மனிதர்கள் மிக அரிதாக உண்டு. ஜெர்மனியில் 1954-இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட பிறவிக்குறை அது. ஸ்டார்லிங் விதிப்படி அவர்கள் பயங்கரமாக வீங்கிக் கிடக்க வேண்டும். அவர்களோ லேசான கால் வீக்கத்தோடு நடமாடுகிறார்கள். இன்னொரு முரண்: மருந்துக்குக் கட்டுப்படும் குழந்தை, ரத்தத்தில் ஆல்புமின் ஏறுவதற்கு முன்பே உப்பையும் நீரையும் சிறுநீரில் கொட்டத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் உப்பைப் பிடித்து வைத்திருந்தது எது? ஒரு பதில் இப்படிப் போகிறது. ஒழுகும் வடிகட்டி வழியாக ஆல்புமினோடு பிளாஸ்மினோஜென் என்ற புரதமும் சிறுநீர்க் குழலுக்குள் நுழைகிறது. அங்கே அது பிளாஸ்மின் என்ற நொதியாக மாறுகிறது. ரத்தத்தில் உறைகட்டியைக் கரைப்பது அதன் வேலை. குழலின் சுவரில் இருக்கும் சோடியம் வாயில்களை அது வெட்டித் திறந்துவிடுகிறது. வெளியே போக வேண்டிய உப்பு திரும்ப உடம்புக்குள் வருகிறது. உப்பின் பின்னால் நீர். வெவ்வேறு குழந்தைகளிடம், ஏன் ஒரே குழந்தையிடம் வெவ்வேறு நாட்களில்கூட, இந்த இரண்டு வழிகளின் பங்கும் மாறுகிறது. ரத்தக்குழாயில் நீர் குறைந்து போயிருக்கும் குழந்தைக்கு, வீக்கத்தைப் பார்த்து அவசரப்பட்டுச் சிறுநீர் போகும் மாத்திரை கொடுத்தால் ஆபத்து. உப்பு தேங்கியிருக்கும் குழந்தைக்கோ அதே மாத்திரை மருந்து. மருத்துவர் இரண்டையும் பிரித்துப் பார்த்துத்தான் எழுதுகிறார். வீட்டில் செய்யக்கூடியது வீக்கம் இருக்கும்வரை உப்பைக் குறைப்பது. அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் எல்லாவற்றுக்கும் விடுமுறை. முட்டைமேல் முட்டையாகக் கொடுத்து ஆல்புமினை ஏற்றலாம் என்ற யோசனை பலருக்கு வரும். வயதுக்குரிய புரதம் போதும். ஓட்டை அடைபடாதவரை கூடுதலாகத் தின்பதும் அதன் வழியே போய்விடும்.

ஒழுகுவது ஆல்புமின் மட்டுமாக இருந்தால் இந்த நோய் இத்தனை பேரைக் கொன்றிருக்காது. கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரதங்களும், கிருமிகளை அடையாளம் காட்டும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் கூடவே போகின்றன. கோத்து நிற்கும் வயிற்று நீரில் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா சுகமாக வளர்கிறது. பென்சிலின் வருவதற்கு முன் இந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுநீரகம் பழுதாகி அல்ல, தொற்றினால். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பினும் ஒழுகிவிடுவதால் ரத்தக்குழாய்களில் கட்டி உறையும் அபாயமும் இருக்கிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் முழு வேகத்தில் புரதம் செய்யும்போது கொழுப்பைச் சுமக்கும் புரதங்களும் சேர்ந்து பெருகுகின்றன. நான்கு வயதுப் பிள்ளையின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் 400-க்கு மேல் என்று சோதனைச் சீட்டில் பார்த்துப் பெற்றோர் பதறுவது இதனால்தான். எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் அந்தப் பழி விழக்கூடாது.

இனி, யார் ஒழுக வைப்பது என்ற வழக்குக்கு வருவோம்.

1951-இல் டென்மார்க்கின் இவர்சனும் புரூனும் ஊசி மூலம் உயிரோடிருப்பவரின் சிறுநீரகத்திலிருந்து சிறு துண்டு எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். இனி நோய் பிடிபட்டுவிடும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கிடைத்தது ஏமாற்றம். கிலோக்கணக்கில் நீர் கோத்த குழந்தையின் சிறுநீரகத் துண்டு நுண்ணோக்கியின் கீழ் நல்ல சிறுநீரகம் போலவே இருந்தது. அழற்சி இல்லை, தழும்பு இல்லை, எதிர்ப்புரதப் படிவும் தட்டுப்படவில்லை. 'மினிமல் சேஞ்ச்', அதாவது மாற்றம் மிகச் சொற்பம், என்றே இந்த வகைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பின்னாளில் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சர்வதேச ஆய்வு, குழந்தைகளில் நூற்றுக்கு 77 பேருக்கு இந்த வகைதான் என்று 1978-இல் சொன்னது.

மாற்றம் உண்மையில் சொற்பமில்லை. சாதாரண நுண்ணோக்கிக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். 1957-இல் மர்லின் ஃபார்குவார், ராபர்ட் வெர்னியர், ராபர்ட் குட் மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது போடோசைட்டின் பாதங்கள் காணாமல் போயிருந்தன. கோத்த விரல்கள் இருந்த இடத்தில் பரந்து தட்டையான ஒரு விரிப்பு. பிளவுகளும் அருகியிருந்தன. நோய் தணிந்ததும் பாதங்கள் திரும்ப முளைத்தன. இதில் ஒரு புதிர் இருக்கிறது. பிளவுகள் குறைந்து சுவர் மூடிக்கொண்டால் ஒழுக்கு குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது? அண்மைக் காலத்தில் முன்வைக்கப்பட்டிருக்கும் ஒரு விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. உறுதியான பாதங்கள் வெளியிலிருந்து அழுத்திப் பிடிப்பதால்தான் நடுவிலிருக்கும் சவ்வு இறுகி ஆல்புமினைத் தடுக்கிறதாம். பாதம் தட்டையானால் பிடி தளர்கிறது, சவ்வு நெகிழ்கிறது, புரதம் நுழைகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனாலும் மூன்று அடுக்குகளையும் ஒரே பொறியாகப் பார்க்க வைக்கும் விளக்கம் இது.

1950-களில் ஸ்டீராய்டு வந்தது. அம்மை செய்த வேலையை மாத்திரை செய்தது, அம்மையின் ஆபத்து இல்லாமல். மினிமல் சேஞ்ச் குழந்தைகளில் நூற்றுக்கு 93 பேர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படுகிறார்கள், பலருக்கு இரண்டு வாரத்துக்குள்ளேயே சிறுநீர் தெளிந்துவிடுகிறது. 1974-இல் ராபர்ட் ஷல்ஹூப் என்ற அமெரிக்க மருத்துவர் 'லான்செட்' இதழில் ஒரு ஊகத்தை வெளியிட்டார். அவரிடம் புதிய பரிசோதனை எதுவும் இல்லை, சிதறிக் கிடந்த துப்புகளை ஒன்றுசேர்த்தார். எதிர்ப்பாற்றலை முடக்கும் அம்மை இந்த நோயைத் தணிக்கிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் தணிக்கின்றன. நிணநீர்ச் சுரப்பிப் புற்றான ஹாட்ஜ்கின் நோய் உள்ளவர்களில் சிலருக்கு இதே வீக்கம் வருகிறது. ஆகவே கோளாறு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களில் இருக்கிறது, அவை சுரக்கும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் மிதந்து வந்து வடிகட்டியைக் கெடுக்கிறது என்றார்.

அடுத்த பல பத்தாண்டுகள் அந்த 'ஏதோ ஒரு பொருளை'த் தேடுவதிலேயே போயின. எத்தனையோ பேரைப் பிடித்தார்கள், ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. ரத்தத்தில் ஒன்று மிதக்கிறது என்பதற்கு மட்டும் சாட்சி வலுத்தது. மிக அழுத்தமான சாட்சி 2012-இல் சிகாகோவிலிருந்து வந்தது. மினிமல் சேஞ்சின் கடுமையான உறவு நோயான எஃப்.எஸ்.ஜி.எஸ். வந்து சிறுநீரகம் இழந்த 27 வயது இளைஞர் ஒருவருக்கு அவருடைய சகோதரி ஒரு சிறுநீரகம் தந்தார். இரண்டு மூன்று நாளில் அந்தப் புதிய சிறுநீரகமும் புரதத்தை ஒழுகவிடத் தொடங்கியது. பதினான்காம் நாள் அதை எடுத்துவிட நேர்ந்தது. மருத்துவர்கள் அதை வீசவில்லை. சம்மதங்கள் பெற்று, சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்ட 66 வயதுக்காரர் ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் உடம்பில் அதே சிறுநீரகம் தேறி ஒழுக்கை நிறுத்தி நன்றாக வேலை செய்தது. சிறுநீரகம் ஒன்று, உடம்புகள் இரண்டு. இதைவிடத் தெளிவான பரிசோதனையைத் திட்டமிட்டுக்கூடச் செய்ய முடியாது.

மிதப்பது எதைத் தாக்குகிறது என்ற பாதிக் கதை வேறொரு தேசத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பின்லாந்தில் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை, கருப்பையில் இருக்கும்போதே புரதத்தை ஒழுகவிடுகிறது. குறைமாதம், அளவுக்கு மீறிப் பெருத்த நஞ்சுக்கொடி, பிறந்த சில நாளில் வீக்கம். ஸ்டீராய்டு எதுவும் செய்யாது. தனித்து வாழ்ந்த சிறு மக்கள்தொகையில் ஒரு மரபுப் பிழை தலைமுறைகளாகப் பெருகியதன் விளைவு அது. கார்ல் திரிக்வசோன் தலைமையிலான குழு 1998-இல் அந்த மரபணுவைப் பிடித்தது. அது உருவாக்கும் புரதத்துக்கு நெஃப்ரின் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே அது எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தது: போடோசைட் பாதங்களுக்கு நடுவே உள்ள பிளவுத் திரையில். எதிரெதிர் பாதங்களிலிருந்து நீளும் நெஃப்ரின் மூலக்கூறுகள் நடுவில் சந்தித்துத் திரையை நெய்கின்றன. நெஃப்ரின் இல்லையென்றால் திரையே இல்லை. இரண்டாயிரத்தில் பாரிஸ் குழு போடோசின் என்ற இன்னொரு திரைப் புரதத்தைக் கண்டது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் பட்டியலில் இருக்கின்றன. ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி ஒரு தனி மரபணுப் பிழை காரணம் என்று தெரிகிறது. அவர்களிடம் சிறுநீரகம்தான் உண்மையிலேயே பழுது, எதிர்ப்பாற்றலை எவ்வளவு அடக்கினாலும் பயன் குறைவு. மரபணுச் சோதனை இங்கே பல மாத வீண் மருந்தை மிச்சப்படுத்தும்.

பின்லாந்துப் பிள்ளைகளுக்கு இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்துவிட்டு மாற்றுச் சிறுநீரகம் பொருத்துகிறார்கள். அவர்களில் சிலருக்குப் புதிய சிறுநீரகமும் திடீரென்று ஒழுகியது. இது எப்படி? நெஃப்ரினே இல்லாமல் வளர்ந்த உடம்பு, புதிய சிறுநீரகத்தில் இருக்கும் நெஃப்ரினை அந்நியப் பொருளாகப் பார்த்து அதற்கு எதிர்ப்புரதம் செய்திருந்தது. 2002-இல் இது வெளியானது. திரும்பிப் பார்த்தால் விடை அப்போதே மேசைமேல் கிடந்தது. நெஃப்ரினுக்கு எதிரான எதிர்ப்புரதம் ரத்தத்தில் இருந்தால் போதும், நல்ல சிறுநீரகமும் ஒழுகும். அரிய நோயின் அரிய சிக்கல் என்று நினைத்தார்களோ என்னவோ, சாதாரண நெஃப்ரோடிக் குழந்தைகளிடம் அதே எதிர்ப்புரதத்தைத் தேட இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

நடுவில் இன்னொரு துப்பு. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து, அடிக்கடி திரும்பும் நெஃப்ரோடிக் நோயைப் பல மாதங்களுக்கு அடக்கிவைக்கிறது என்று ஜப்பானில் நடந்த சோதனை 2014-இல் காட்டியது. பி செல்களின் வம்சமே எதிர்ப்புரதத் தொழிற்சாலை. குற்றவாளி டி செல் சுரப்பு என்று நம்பியவர்களுக்கு இது இடறியது.

2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மினிமல் சேஞ்ச் நோயாளிகளில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் நெஃப்ரின் எதிர்ப்புரதத்தைக் கண்டார்கள். சிறுநீரகத் துண்டுகளிலும் தேடினார்கள். பின்னணித் தூசு என்று ஒதுக்கிவிடக் கூடிய நுண்ணிய பொட்டுகளாக அந்த எதிர்ப்புரதம், நெஃப்ரின் இருக்கும் அதே இடங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2024-இல் ஹம்பர்க் குழுவின் பெரிய ஆய்வு வந்தது. குழந்தைகளில் 52 சதவீதம் பேரிடம் எதிர்ப்புரதம் இருந்தது. நோய் தீவிரமாக இருந்தும் இன்னும் மருந்து தொடங்காதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 90 சதவீதம். நோய் தணியும்போது அளவு இறங்கியது, திரும்பும்போது ஏறியது. எலிகளுக்கு நெஃப்ரினைச் செலுத்தி அவற்றின் உடம்பே எதிர்ப்புரதம் செய்யும்படி வைத்தபோது, அவை மினிமல் சேஞ்ச் போன்ற நோயைப் பெற்றன. எதிர்ப்புரதம் ஒட்டிய நெஃப்ரின் திரையிலிருந்து செல்லுக்குள் இழுக்கப்படுகிறது, செல்லின் உட்சட்டகம் குலைகிறது, பாதம் தட்டையாகிறது. திரையை ஒருவர் பிறவியிலேயே இழக்கிறார், இன்னொருவர் தன் சொந்தப் படையிடம் இழக்கிறார்.

ஆக, ஷல்ஹூப் வென்றாரா? ரத்தத்தில் ஒன்று மிதக்கிறது என்றதில் வென்றார். அது டி செல்லின் சுரப்பு என்றதில் பெரும்பாலும் தோற்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் டி செல்லின் தூண்டுதல் இல்லாமல் பி செல் இப்படி வழிதவறாது என்பதால் முழுத் தோல்வியும் இல்லை. எல்லாக் குழந்தைகளிடமும் நெஃப்ரின் எதிர்ப்புரதம் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. வேறு இலக்குகளும் இருக்கக்கூடும்.

இந்தப் பிள்ளையின் படை ஏன் தன் திரையையே சுட வேண்டும்? தெற்காசியத் தொடர்பு இங்கே வருகிறது. பிரிட்டனில் ஒரே ஊரில் வாழும் தெற்காசியக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இந்த நோய் வருவதை அங்குள்ள மருத்துவர்கள் 1980-களிலேயே கவனித்தார்கள். இலங்கைக் குழந்தைகளின் ரத்த மாதிரிகள் முக்கியப் பங்கு வகித்த ஓர் ஆய்வு 2015-இல் எச்.எல்.ஏ. மரபணுப் பகுதியைச் சுட்டியது. எது தன்னுடையது, எது அந்நியம் என்று எதிர்ப்பாற்றலுக்குக் காட்டிக்கொடுக்கும் பகுதி அது. 2020-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று, ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் சாதாரண வகையிலும் நெஃப்ரின் மரபணுவின் சில மாறுபாடுகள் அபாயத்தைக் கூட்டுவதைக் கண்டது. மரபு இங்கே நோயைத் தருவதில்லை, வாசலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறது. பெற்றோர் யாரும் தங்களைக் குறை சொல்லிக்கொள்ள இதில் எதுவும் இல்லை.

திறந்த வாசலில் நுழைவது பெரும்பாலும் ஒரு சாதாரணச் சளி. குணமான குழந்தைக்கு மூக்கொழுகல் வந்த சில நாளில் மறுபடி நுரை. சளிக்கு எழும் எதிர்ப்பாற்றல் எப்படி நெஃப்ரின்மேல் திரும்புகிறது என்ற கண்ணி இன்னும் அவிழவில்லை. சளி பிடித்த உடனே சில நாட்கள் தினமும் சிறு அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் திரும்புவதைத் தடுக்கலாம் என்று இலங்கையில் பேராதனை மருத்துவர்களின் ஆய்வுகள் காட்டின. பிரிட்டனில் 365 குழந்தைகளிடம் அதே யோசனையைச் சோதித்து 2022-இல் வெளியிட்டபோது பலன் தெரியவில்லை. ஆய்வு மோசம் என்று யாரையும் சொல்லிவிட முடியாது. குழந்தைகளும் கிருமிகளும் வழக்கமான மருந்தளவும் இரண்டு நாடுகளிலும் ஒன்றில்லை.

நோய் பத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது திரும்பும். இதைக் கேட்டுப் பெற்றோர் இடிந்து போகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் வகையில் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெடுவது அரிது. பெரும்பாலோர் பருவ வயதைத் தாண்டும்போது நோயையும் தாண்டிவிடுகிறார்கள். முதல் தடவை இந்திய வழிகாட்டுதலின்படி மொத்தம் பன்னிரண்டு வாரம் மாத்திரை. அதை ஆறு மாதத்துக்கு நீட்டினால் நல்லது என்று முன்பு நம்பினார்கள். இந்தியாவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, நீட்டுவதில் ஆதாயமில்லை என்று காட்டி, பல்லாயிரம் பிள்ளைகளை வேண்டாத ஸ்டீராய்டிலிருந்து காப்பாற்றியது. நம் ஆய்வுகளைப் பற்றி நாம் பெருமையாகப் பேசிக்கொள்ளக்கூடிய அரிய இடம்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. தினமும் காலைச் சிறுநீரைச் சோதித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்கான பட்டைகள் மருந்துக்கடையில் கிடைக்கும், சல்ஃபோசாலிசிலிக் அமிலச் சொட்டு இன்னும் மலிவு. இரண்டும் இல்லாத ஊரில் கொதுன்யோவைப் போலக் காய்ச்சிப் பார்த்தாலும் தெரியும். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தால், வீக்கம் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை ஸ்டீராய்டு கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும்போது போடலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். வீங்கிய பிள்ளைக்குக் காய்ச்சலோடு வயிற்று வலி வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முகம் உருண்டுவிட்டது, பசி அதிகமாகிவிட்டது, ஸ்டீராய்டு கெட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே வந்துகொண்டிருக்கும்போது உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென்று மாத்திரை நின்றால் சாதாரணக் காய்ச்சலைக்கூட அது தாங்காமல் போகலாம்.